உருளைக்கிழங்குப் பாத்தியும் உலாப்பாதையும்: ஜேன் ஆஸ்டினின் தோட்டங்களில்

செவ்வாய், ஸ்டீவன்டன்

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் பிறந்த வீட்டைத் தேடிப் போனால் அங்கே வீடு இருக்காது. 1775 டிசம்பர் 16 அன்று அவர் பிறந்த பாதிரியார் இல்லத்தை 1820களிலேயே இடித்துவிட்டார்கள். பேசிங்ஸ்டோக்கில் ரயிலை விட்டிறங்கி டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் ஒரு வேலியோரம் நிறுத்தி, “இதுதான்” என்றார். புல் மண்டிய நிலம், லேசான சரிவு, அண்ணன் ஜேம்ஸ் 1813இல் நட்டதாகச் சொல்லப்படும் ஒரு லிண்டன் மரம். அவ்வளவுதான்.

“பெரியம்மா, இந்தப் புல்லைப் பார்க்கவா டாக்சி வச்சு வந்தோம்?” என்றாள் தங்கை மகள். ரெடிங்கில் படிக்கிறாள். எனக்கு வழித்துணை அவள்தான். ஆஸ்டினைப் படமாகப் பார்த்ததோடு சரி, ஒரு நாவலையும் திறந்ததில்லை.

நான் பார்க்க வந்தது அந்தப் புல்லைத்தான். ‘நார்த்தாங்கர் அபி’யின் நாயகி காதரீனுக்குச் சிறு வயதில் பாடம் பிடிக்காது, பொம்மை பிடிக்காது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பச்சைச் சரிவில் உருண்டு இறங்குவதுதான் உலகத்திலேயே அவளுக்குப் பிடித்த காரியம். ஸ்டீவன்டன் வீட்டின் பின்னாலும் அப்படி ஒரு புல்மேடு இருந்ததென்று ஆஸ்டினின் அண்ணன் மகன் 1870இல் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்கிறார். மாதாகோயில் வருமானம் பத்தாமல் தகப்பனார் பண்ணையும் நடத்தினார், வெளியூர்ப் பையன்களை வீட்டில் தங்கவைத்துப் பாடமும் சொன்னார். தாயாருக்கு மாடு, கோழி, காய்கறி. கதை எழுதும் பெண் வளர்ந்தது சாணி வாசமுள்ள வீட்டில்தான்.

இந்த இடத்தைப் பற்றி அவர் எழுதிய மூன்று செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் மனசு கனக்கிறது. 1800 அக்டோபரில் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதுகிறார்: எல்ம் மரப் பாதையின் ஓரத்துக் கரையைச் சரித்துவிட்டோம், முள்செடியும் லைலாக்கும் வைக்கப்போகிறோம். நவம்பரில் புயல். சாப்பாட்டு அறையில் தனியாக இருந்தவர் ஏதோ முறியும் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடுகிறார். வீட்டார் உயிராக நினைத்த இரண்டு எல்ம் மரங்களில் கடைசியானது வாசல் பாதையில் சாய்வதைப் பார்க்கிறார். அந்தக் கடிதத்தில் ஆச்சரியக்குறிகளை வாரி இறைத்திருக்கிறார். டிசம்பரில் பெற்றோர் முடிவு சொல்லிவிட்டார்கள்: ஊரைக் காலிசெய்து பாத் நகரத்துக்குப் போகிறோம். பெண்களை யாரும் கேட்கவில்லை. வைக்கவிருந்த லைலாக்கை யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கடலூர்க்காரி என்பதால் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜேனின் அத்தை பிலடெல்பியா பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி வந்தது நம் பக்கம்தான். 1752இல் சென்னையில் இறங்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் சேர்ந்த டைசோ சால் ஹான்காக் என்ற மருத்துவரைக் கடலூரில் மணந்தார். அத்தை 1792 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், பதினாறு வயது ஜேன் ‘காதரீன், அல்லது கொடிப்பந்தல்’ என்ற கதையைத் தொடங்கினார். முடிக்கவில்லை. மூன்று சிறுமிகள் சேர்ந்து தோட்டத்தில் ஒரு கொடிப்பந்தல் போடுகிறார்கள். அப்பா இறந்துபோன தோழியைச் சொந்தக்காரர்கள் வங்காளத்துக்குக் கப்பலேற்றி, தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவருக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். ஊரில் மிஞ்சியவளுக்குப் பந்தல் மிஞ்சுகிறது. ஆஸ்டினின் எழுத்தில் தோட்டம் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பந்தல்தான். அழகுக்கு நடுவில் அங்கே ஒரு கணக்கு ஓடுகிறது: யாருக்குச் சொத்து இருக்கிறது, யாரை அனுப்பிவிடலாம் என்ற கணக்கு.

மாதாகோயில் வாசலில் ஒரு பழங்கால யூ மரம் இருக்கிறது. அதைச் சுற்றிவிட்டுக் கிளம்பினோம்.

புதன், சாட்டன்

வாட்டர்லூவிலிருந்து வரும் ரயில் பாதை ஆல்டனோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நடந்தே சாட்டனுக்குப் போய்விடலாம். சிவப்புச் செங்கல் வீடு, வாசலை ஒட்டிச் சாலை. பாத், சவுத்தாம்ப்டன் என்று அலைந்த பிறகு 1809 ஜூலை 7 அன்று ஆஸ்டின் இந்த வீட்டுக்கு வந்தார். கூட அம்மா, அக்கா, தோழி மார்த்தா லாய்ட். நான்கு பெண்கள், ஒருவர் பேரிலும் சொத்து இல்லை. வீடு அண்ணன் எட்வர்டுடையது. பணக்கார உறவினர் ஒருவருக்குச் சுவீகாரம் போய்ப் பண்ணைகளுக்கெல்லாம் வாரிசானவர் அவர். ஆறு நாவல்களும் உலகத்துக்கு வந்தது இந்த வீட்டிலிருந்துதான். ‘மேன்ஸ்பீல்ட் பார்க்’, ‘எம்மா’, ‘பெர்சுவேஷன்’ மூன்றும் முதல் வரியிலிருந்து இங்கே எழுதியவை.

உள்ளே எல்லாரும் பன்னிரண்டு பக்கமுள்ள அந்தக் குட்டி எழுத்து மேஜையைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். நிற்கட்டும். நான் நேரே கொல்லைக்குப் போனேன்.

ஜூன் மாதம் அல்லவா, பூ அள்ளுகிறது. அடர்ந்த சிவப்பில் பியோனி, கொத்துக் கொத்தாக ஸ்வீட் வில்லியம், குனிந்த தலையோடு கொலம்பைன். பூக்களைப் பார்த்ததும் தங்கை மகள் போனை எடுத்தாள். நான் என் போனில் இருந்த கடிதத்தைத் திறந்தேன். 1811 மே 29, ஊருக்குப் போயிருந்த கசாண்ட்ராவுக்கு எழுதியது. கோழிக்குஞ்சுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன, சமைக்கும் பதத்துக்கு வந்துவிட்டன, ஆனால் ஏதாவது பெரிய விசேஷத்துக்கு வைத்திருக்கிறோம். பூ விதைகள் முளைத்துவிட்டன, உன் மிக்னனெட் மட்டும் பரிதாபமாக நிற்கிறது. ஃபர் மரத்தடியில் இருக்கும் இளம் பியோனி பூத்துவிட்டது. பிளம் அமோகமாகக் காய்க்கும் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து அடுத்த கடிதம்: உன் மல்பெரிச் செடிகள் செத்துவிட்டன என்று சொல்லமாட்டேன், ஆனால் உயிரோடு இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

இதைப் படித்துக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். “இது எங்கம்மா வாட்ஸ்அப்புல அனுப்புற மாதிரியே இருக்கு பெரியம்மா.” முருங்கை சாய்ந்ததையும் பப்பாளி பழுத்ததையும் அவளுக்கு வேளாவேளைக்கு அறிவித்துக்கொண்டிருப்பவள் என் தங்கை.

ஜூன் 6ஆம் தேதிக் கடிதம் இன்னும் ருசி. ஸ்ட்ராபெரி பழுத்துவிட்டதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த சந்தோஷம். கூஸ்பெரி நினைத்ததைவிட அதிகம், கரண்ட் பழம் குறைவு, அதனால் ஒயின் போட வெளியே வாங்கத்தான் வேண்டும். பூவுக்கு ஒரு வரி என்றால் காய்ப்புக்கு மூன்று வரி. அழகை ரசிக்கத் தெரியாதவர் இல்லை. இந்தக் கொல்லையில் விளைவதுதான் மேஜைக்கு வரும் என்பது தெரிந்தவர்.

இந்த வீட்டுத் தோட்டத்தின் உண்மையான நாயகி அவருடைய தாயார். எழுபதை நெருங்கி வந்த வயதில், கூலியாள் போடுவது போன்ற பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கைத் தானே தோண்டி எடுப்பாராம். இது குடும்பத்துக்குள் வழிவழியாக வந்த செய்தி. எட்வர்ட் தங்கைகளுக்காகச் சில மாற்றங்கள் செய்துகொடுத்தார். சாலையைப் பார்த்த கூடத்து ஜன்னலை அடைத்துத் தோட்டத்துப் பக்கம் புது ஜன்னல் வைத்தார். சாலையோரம் உயரமான மரவேலியும் ஹார்ன்பீம் உயிர்வேலியும் இருந்தன. மரங்களுக்கு நடுவே தோட்டத்தைச் சுற்றிவர ஒரு பாதை, “பெண்களின் நடைப்பயிற்சிக்குப் போதுமான அளவு” என்கிறார் அந்த அண்ணன் மகன். இரண்டு மூன்று துண்டு நிலங்களை ஒன்றாக்கியதால் பழமரம், சரளைப் பாதை, வெட்ட வேண்டிய நீளப் புல் எல்லாம் கலந்து ஒழுங்கில்லாமல் இருந்ததாம். இப்போதிருக்கும் தோட்டம் ரொம்பவும் சீராக இருக்கிறது. மாதிரிக்கு ஒரு மூலையில் கொஞ்சம் காடு விட்டிருக்கலாம்.

‘ஷ்ரப்பரி’ எனப்படும் இந்தச் செடிப்புதர்ப் பாதைகள் நாவல்களில் என்ன வேலை செய்கின்றன என்று யோசித்துக்கொண்டே சுற்றினேன். வீட்டுக்குள் காது அதிகம். கதவுக்கு வெளியே வேலைக்காரி, கதவுக்கு உள்ளே அம்மா. மனம்விட்டுப் பேச வெளியேதான் போக வேண்டும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் நாயகி எலிசபெத்தைக் காலின்ஸ் வீட்டுக்குள் வைத்துப் பெண் கேட்கிறார், இல்லை என்ற பதில். நாயகன் டார்சி முதல்முறை வீட்டுக்குள் கேட்கிறார், வாங்கிக் கட்டிக்கொள்கிறார். இரண்டாம் முறை வெளியே நடக்கும்போது பேசுகிறார், கைகூடுகிறது. ‘எம்மா’வில் எல்டன் மூடிய வண்டிக்குள் நாயகி எம்மாவிடம் உளறுகிறார், தோல்வி. நைட்லி தோட்டத்துப் பாதையில் பேசுகிறார், வெற்றி. முதலில் சொன்ன நாவலில் பிங்லி ஒருவர் கூடத்திலேயே காரியத்தை முடித்துக்கொண்டார், ஆனால் அவருக்கு எங்கே கேட்டாலும் கிடைத்திருக்கும். டார்சியின் உறவினரான சீமாட்டி காதரீன் டி பர்க் எலிசபெத்தை மிரட்ட வரும்போதுகூட வீட்டுக்குள் பேசுவதில்லை, புல்தரைக்கு அப்பாலிருக்கும் சிறு மரக்கூட்டத்துக்கு அழைத்துப்போகிறார்.

மாலையில் எட்வர்டின் பெரிய மாளிகையான சாட்டன் ஹவுஸுக்கும் போய்வந்தோம், பக்கத்தில்தான். 2003 முதல் பெண் எழுத்தாளர்களின் பழைய நூல்களுக்கான நூலகமாக இருக்கிறது. மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம் ஒன்று உண்டு. இப்போதிருக்கும் தோட்டம் மோசம், இடமும் சரியில்லை, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் எட்வர்ட் புதிதாகப் போடப்போகிறான் என்று 1813இல் ஜேன் எழுதியிருக்கிறார். அது முழுசாக எழும்பியபோது அவர் இல்லை.

வியாழன், செல்போர்ன்

சாட்டனிலிருந்து நாலைந்து மைல், வயல் வழியாக நடக்கலாம். பாதை தனியார் நிலத்தின் நடுவே போகிறது. கோதுமை முழங்காலைத் தாண்டி நிற்கிறது, மாட்டு மந்தைக்கு நடுவே போக வேண்டிய ஓரிடத்தில் தங்கை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘பெர்சுவேஷன்’ நாவலில் ஆன் எலியட் நவம்பர் மாதம் இப்படித்தான் நடக்கிறாள். இலையுதிர்காலத்தைப் பற்றிய கவிதைகளை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இழந்த காதலை நினைத்துக்கொண்டு. அடுத்த பத்தியிலேயே ஏர் ஓட்டும் வயல் வருகிறது. உன் சோகக் கவிதை உன்னோடு இருக்கட்டும், எனக்கு மறுபடி வசந்தம் வேண்டும் என்பதுபோல விவசாயி உழுதுகொண்டிருக்கிறான். இயற்கையைப் பற்றி ஆஸ்டின் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். சோகத்தைக் கேலி செய்யவில்லை, பக்கத்தில் ஓர் ஏரை ஓட்டிவிட்டுப் போகிறார்.

செல்போர்ன், கில்பர்ட் ஒயிட்டின் ஊர். 1789இல் வந்த ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ நூலை எழுதிய பாதிரியார். அவர் 1793இல் இறந்தபோது ஜேனுக்கு வயது 17, ஸ்டீவன்டனில் இருந்தார், ஒரே மாவட்டம். ஒயிட்டின் வீட்டுக்குப் பின்னால் பீச் மரக்காடு செங்குத்தாக ஏறுகிறது. அதில் 1753இல் அவரும் தம்பியும் வெட்டிய வளைவுப் பாதையில் ஏறி மூச்சு வாங்கினேன். அவர் வளர்த்த திமோதி என்ற ஆமை பெண் என்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதன் ஓடு லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் நான் வந்தது ஆமைக்காக இல்லை, ஒரு பள்ளத்துக்காக. ஒயிட் 1761இல் தன் தோட்ட எல்லையில் ‘ஹா-ஹா’ ஒன்று வெட்டினார். ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு, இரண்டும் தரைமட்டத்துக்குக் கீழே. வீட்டிலிருந்து பார்த்தால் புல்தரை தடையில்லாமல் மேய்ச்சல் நிலத்தோடு கலந்து காடுவரை போவதுபோலத் தெரியும். கிட்டே போனால்தான் பள்ளம். ஆடு மாடு தாண்டி வராது. வேலி இருக்கும், வேலி கண்ணில் படாது. பணக்கார இங்கிலாந்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

‘மேன்ஸ்பீல்ட் பார்க்’கில் சொதர்ட்டன் தோட்டத்துக் காட்சி முழுக்க இந்தப் பள்ளத்தின்மேல்தான் நிற்கிறது. பணக்கார ரஷ்வொர்த்துக்கு நிச்சயிக்கப்பட்ட மரியா, பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். அவன் சாவி எடுக்க ஓடுகிறான். இந்தக் கதவும் ஹா-ஹாவும் என்னை அடைத்துவைத்தது போலிருக்கிறது என்கிறாள். சாவி வருவதற்குள் ஹென்றி கிராஃபர்டோடு கம்பி ஓரமாக நுழைந்து போய்விடுகிறாள். நாவலின் கடைசியில் நடக்கப்போவது எல்லாம் அந்த ஒரு பிற்பகலில் ஒத்திகை பார்க்கப்படுகிறது.

அதே நாவலில் ஹம்ப்ரி ரெப்டனின் பெயர் நேரடியாக வருகிறது. பெரிய வீட்டுத் தோட்டங்களை மாற்றியமைத்துத் தருவதில் அன்று அவர்தான் நட்சத்திரம். கூலி ஒரு நாளைக்கு ஐந்து கினி (அந்தக் காலத் தங்க நாணயம்) என்கிறான் ரஷ்வொர்த், பெருமையாக. பழைய ஓக் மரச் சாலையை வெட்டிவிடலாம் என்று யோசனை வருகிறது. ஃபேனி ஒருத்திதான் கூப்பரின் கவிதை வரியைச் சொல்லி வருத்தப்படுகிறாள். அவள் அந்த வீட்டில் அண்டிப் பிழைக்கும் ஏழை உறவுக்காரி, மரத்துக்கும் அவளுக்கும் ஒரே நிலைமை. ஆஸ்டின் ரெப்டனின் கைவண்ணத்தை அறியாமல் எழுதவில்லை. தாயாரின் உறவினரான தாமஸ் லீ, அவரைக் கொண்டுதான் ஆட்ல்ஸ்ட்ராப்பில் தோட்டத்தை மாற்றினார். பிறகு ஸ்டோன்லீ அபிக்கும் அவரையே அழைத்தார். அந்த ஸ்டோன்லீக்கு 1806இல் ஜேனும் போயிருந்தார்.

திரும்பும்போது பஸ்.

வெள்ளி, சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர்

சவுத்தாம்ப்டனில் பார்க்க எதுவும் மிச்சமில்லை. காசில் ஸ்கொயர் வீடு இருந்த இடத்தில் மதுக்கடை இருக்கிறது. பழைய கோட்டை மதிலை ஒட்டிய அந்தத் தோட்டத்தின் அடியை அன்று கடல் தொட்டது, இன்று கடல் தள்ளிப் போய்விட்டது. ஆனால் 1807 பிப்ரவரிக் கடிதத்துக்காக ஒரு மணி நேரம் நின்றேன். தோட்டக்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம், நல்ல பெயர் உள்ளவர், நல்ல நிறம், முன்னால் வந்தவரைவிடக் கூலியும் குறைவு என்கிறார் ஜேன். இருக்கும் ரோஜாக்கள் மட்டமானவை, நல்ல ரகம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கூப்பரின் ஒரு வரிக்காகவே சிரிங்கா இல்லாமல் என்னால் முடியாது. மதிலடியில் கரண்ட், கூஸ்பெரி, இன்னோரிடத்தில் ராஸ்பெரி. கவிதைக்கு ஒரு செடி, பாக்கியெல்லாம் ஜாமுக்கு. வாடகை வீட்டுக்கு இவ்வளவு.

வின்செஸ்டரில் மழை. 1817 மே 24 அன்று வைத்தியத்துக்காக அவரை இங்கே கொண்டுவந்தார்கள். காலேஜ் தெருவில் மஞ்சள் பூச்சு வீடு, வெளியிலிருந்து மட்டும்தான் பார்த்தோம். வந்த சில நாளில் எழுதிய கடிதத்தில், வளைந்த ஜன்னல் டாக்டர் கேபலின் தோட்டத்தைப் பார்த்திருக்கிறது என்கிறார். கேபல் எதிரிலிருந்த பள்ளியின் தலைமையாசிரியர். ஜூலை 18 அன்று, 41 வயதில், ஜேன் இறந்தார். கதீட்ரலில் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஈரக் குடையோடு ரயிலேறினோம்.

சனி, பாக்ஸ் ஹில்

இன்று ஊரே இந்தக் குன்றின்மேல்தான் இருக்கிறது. சைக்கிள்காரர்கள், குழந்தைகள், நாய்கள், சாண்ட்விச். சுண்ணாம்புக் குன்று, கீழே மோல் ஆறு, சரிவெல்லாம் பாக்ஸ் மரம். 1914 முதல், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது.

மேலே உட்கார்ந்து ‘எம்மா’வைத் திறந்து படித்துக் காட்டினேன். ஏழு மைல் பயணம் செய்து வந்த கூட்டம் இறங்கியதும் எல்லாரும் ஒருமுறை ஆகா என்கிறார்கள். காட்சி வர்ணனை ஏறக்குறைய அதோடு சரி. ஆறு இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. அடுத்து வருவது முழுக்க மனிதர்கள். சலிப்பு, சீண்டல், கடைசியில் ஏழை மிஸ் பேட்ஸை எம்மா எல்லார் முன்னாலும் கிண்டலடித்துப் புண்படுத்துகிறாள். நைட்லி தனியாக அவளைக் கண்டிக்கிறார். மிஸ் பேட்ஸ் வசதியாக வாழ்ந்தவர், தாழ்ந்துபோனவர், இன்னும் தாழக்கூடும் என்கிறார்.

“அப்ப ஆத்தைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா? நாம மட்டும் படம் எடுத்துட்டு இருக்கோம்” என்றாள் இவள்.

கதையில் முந்தின நாள் டான்வெல் தோட்டத்தில் நடப்பதையும் சொன்னேன். திருமதி எல்டன் ஸ்ட்ராபெரி பறிக்கிறார். இங்கிலாந்திலேயே சிறந்த பழம் என்று ஆரம்பித்து, வெயில் தாங்கவில்லை, நிழலில் உட்கார வேண்டும் என்று முடிக்கிறார், ஒரே மூச்சில். டான்வெல் நைட்லியின் பண்ணை. நாகரிகத்துக்காகவோ ஊதாரித்தனத்துக்காகவோ யாரும் பிடுங்கியெறியாத மரச்சாலைகள் அங்கே இருக்கின்றன என்று ஆஸ்டின் குறிப்பாகச் சொல்கிறார். ரெப்டனுக்கு வேலை இல்லாத இடம். அங்கேதான் அந்தப் பிரசித்தமான பிசகும் இருக்கிறது. கோடை நடுவில் ஆப்பிள் மரம் பூத்திருப்பதாக எழுதிவிட்டார். மே மாதத்திலேயே பூ முடிந்துவிடும். “ஜேன், ஜூலையில் பூக்கும் ஆப்பிள் மரங்களை எங்கே வாங்கினாய் என்று சொல்லேன்” என்று அண்ணன் எட்வர்ட் கிண்டலடித்தாராம். தோப்பு அவருடையது, கிண்டலும் அவருடையது.

எனக்கு அந்தப் பூவைவிட டான்வெல் ஆப்பிள்கள் முக்கியம். கெடாமல் வைத்துச் சாப்பிடும் ரகம், நைட்லி ஆண்டுதோறும் ஒரு மூட்டை மிஸ் பேட்ஸ் வீட்டுக்கு அனுப்புவார். பழம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் தன் வீட்டில் மிச்சமிருந்ததையும் ஒரு பெரிய கூடையில் அனுப்பிவிடுகிறார். எஜமானருக்கு இனி ஆப்பிள் பலகாரம் செய்ய முடியாதே என்று அவர் வீட்டை நிர்வகிக்கும் திருமதி ஹாட்ஜஸ் சிடுசிடுக்கிறாள். இத்தனையும் மிஸ் பேட்ஸின் வளவளப் பேச்சில் போகிற போக்கில் வந்து விழுகிறது, அவசரமாகப் படித்தால் தப்பிவிடும். அண்ணன் கொடுத்த வீட்டில், தாயார் தோண்டிய உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டு எழுதியவர், வாங்கிக்கொள்ளும் வீட்டுச் சமையலறையிலிருந்து அந்தக் கூடையைப் பார்க்கிறார்.

“மிஸ் பேட்ஸ் திருப்பி என்ன குடுப்பாங்க பெரியம்மா?” என்றாள்.

“பேச்சு. நன்றியை நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

“அதான் எம்மாவுக்கு எரிச்சலா?”

பதில் சொல்லாமல் புத்தகத்தை அவள் பையில் போட்டேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டாள். மிஸ் பேட்ஸ் இன்னும் வரவில்லையே என்று கேட்கிறாள்.